விழுப்புரத்தில் மூன்று, திண்டிவனத்தில் நான்கு

திண்டிவனம்,
மே 12.

அன்புள்ள அமலாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கு நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. முறையை மீறுகிற வயது எனக்கு இல்லை. ஆகவே நலம் என்றே வைத்துக்கொள். உன் நலத்தை நான் விசாரிக்கவில்லை. உன் அக்கா வீட்டில் நலத்துக்கு என்ன குறை? மூன்று டிவி இருக்கிறது.

என் எண்ணை நீ போனில் தடுத்து வைத்திருப்பதாக அஸ்வினி சென்னையிலிருந்து சொன்னாள். "அப்பா, அம்மா உங்கள பிளாக் பண்ணிட்டாங்க. கொஞ்ச நாள் பேசாம இருங்க, தானா சரியாயிடும்" என்று மகள் தகப்பனுக்குப் புத்தி சொன்னாள். பேசாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல. கிளை நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்று எழுதி ஒட்டியவனே நான்தான். ஆனால் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்திகள். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வெயில் தாங்காமல் அது என்னைப் போலவே வாடியிருக்கிறது. பின் போர்ஷன் சின்னபொண்ணு உன்னைத் தினமும் கேட்கிறாள். பாசம் என்று நினைத்துவிடாதே. நம் கேபிள் பெட்டியிலிருந்து ஒரு வயர் இழுத்து அவள் வீட்டு டிவிக்கும் கொடுத்திருக்கிறோம் அல்லவா? நாம் எதைப் பார்க்கிறோமோ அதுதான் அவளுக்கும். நீ போனதிலிருந்து நான் விவாத நிகழ்ச்சிதான் போடுகிறேன். "சார், நாலு பேரு ஒக்காந்து கத்திக்கினே இருக்கான். அம்மா எப்ப வரும்? சீரியல்ல அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சுன்னே தெரியல, ஒரே பேஜாரா கீது" என்று மல்லாட்டை மண்டிக்குக் கடலை உரிக்கப் போகும்போதும் கேட்கிறாள், வரும்போதும் கேட்கிறாள்.

இனி அந்த விஷயம். நடந்ததை உன் அக்கா தன் கோணத்தில் உனக்குப் பலமுறை சொல்லியிருப்பார். என் கோணமும் பதிவில் இருக்கட்டும்.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே நாளில், ஒரே கோயிலில், ஒரே மேடையில் கல்யாணம் முடித்துச் செலவில் பாதியை மிச்சம் பிடித்தவர் உன் அப்பா. அதனால் வீடியோவும் ஒன்று, கேசட்டும் ஒன்று. அன்றைக்கு இரண்டு மாப்பிள்ளைகளில், கேசட் போட்டுப் பார்க்கும் டெக் வைத்திருந்தவர் உன் அக்கா கணவர், ரயில்வே கார்டு சகாயராஜ் மட்டும்தான். கேசட் அவரோடு விழுப்புரம் போனது. அன்று முதல் நம் கல்யாணத்தை நாம் பார்க்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஒருமுறை அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் பிரியாணி போடுவார். நாம் அவருடைய கல்யாணத்தைப் பார்ப்போம். ஓரத்தில் நம்முடையதும் நடக்கும்.

இந்த முறை முப்பதாவது ஆண்டு என்பதால் மனிதர் புதுமை செய்திருந்தார். டெக்கிலிருந்து ஒரு வயரை எடுத்து, தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டியில் செருகி, அதிலிருந்து மூன்றாகப் பிரித்து ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. "பொம்பளைங்க சமைச்சிக்கினே பாக்கலாம், பெரியவங்க படுத்துக்கினே பாக்கலாம்" என்று அவர் விளக்க, வந்திருந்த உறவு முழுவதும் வாயைப் பிளந்தது. வளவனூர்ச் சித்தப்பா எழுந்து போய் அந்தத் தகரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். முப்பது ஆண்டில் நான் எத்தனையோ ஆயிரம் பேருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். என் விரலை ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை.

மூன்று டிவியிலும் ஒரே படம். ஹாலில் தாங்காமல் படுக்கையறைக்குப் போனால் அங்கேயும் சகாயராஜ் மீசையோடு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால் அங்கே எனக்கு முன்னால் வந்துவிட்டார். அந்த நிலைமையில்தான் அந்த இடம் வந்தது.

எந்த இடம் என்று உனக்குத் தெரியும். படத்தில் சகாயராஜ், உன் அக்கா, நீ ஆகிய மூவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறீர்கள். என் நாற்காலியை வீடியோகாரர் வெளியே விட்டுவிட்டார். வீடியோ விளக்கையும் முழுக்க சகாயராஜ் பக்கமே பிடித்திருக்கிறார்கள். அப்போது நீ இடப்பக்கம் திரும்பிச் சிரிக்கிறாய். மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு அல்ல. கையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, தலையில் வைத்த பூ ஆடச் சிரிக்கிறாய். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார்? உன் அக்காவைத் தாண்டினால் சகாயராஜ்.

அவர் வீட்டில் முதலில் உன்னைத்தான் கேட்டார்கள் என்பதையும், மூத்தவள் இருக்க இளையவளா என்று உன் அப்பா பெண்ணை மாற்றிச் சொன்னார் என்பதையும் நான் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நினைவூட்டியிருப்பேன், அவ்வளவுதான்.

அன்றும் நான் சொன்னது ஒரே வாக்கியம். "அமலா யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது மூன்று டிவியிலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது." இதில் எந்தச் சொல் பொய்? ஹாலில் சொன்னது சமையலறைக்குக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கரண்டியோடு வந்து நின்று, "நீங்க போங்க. நான் வரல" என்றாய். பிரியாணி பரிமாறுவதற்கு முன்பே சொன்னாய். அதையும் நான் பெரிதுபடுத்தவில்லை.

கேசட்டை நான் எடுத்து வந்துவிட்டதாக உன் அக்கா சொல்வதாகக் கேள்வி. எடுத்து வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது அது என் பையில் இருந்தது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. நூலகத்தில் இந்த விளக்கத்தைப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்போது நான் நம்பியதில்லை என்பது வேறு விஷயம்.

எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. கறிவேப்பிலைச் செடி கேட்கிறது.

இப்படிக்கு,
உன் கணவன்,
இருதயராஜ்

*

திண்டிவனம்,
மே 19.

அன்புள்ள அமலாவுக்கு,

கர்த்தர் உன்னையும் உன்னைச் சுற்றியுள்ள மூன்று டிவியையும் காப்பாராக.

முந்தைய கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் துறையைக் குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லாததால் உன்னைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. போகட்டும். ஒரு நல்ல செய்தி: நம் வீட்டிலும் டெக் வந்துவிட்டது.

கிடங்கல் பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் புகழேந்தியிடம் விசாரித்தேன். "சார், டெக்கா? அந்தக் காலத்துல துபாய்லேர்ந்து வந்ததெல்லாம் கோட்டக்குப்பத்துல பீரோ மேல தூங்குது" என்று என்னை அழைத்துப் போனார். ஒரு பாய் வீட்டில், பூப்போட்ட துணி போர்த்தி, பச்சைக் குழந்தையைப் போல வைத்திருந்தார்கள். அந்த வீட்டம்மா அதைக் கொடுக்கும்போது, "பையப் புடிங்க, வேகமா புடிச்சா கோச்சிக்கும்" என்றார். எனக்குக் கிடைத்ததெல்லாம் அப்படித்தான் அமைகிறது.

சகாயராஜ் வீட்டில் மூன்று டிவிக்குக் கொடுத்திருக்கிறார் என்பதற்காக நான் நான்குக்குக் கொடுக்கவில்லை. நம் வீட்டின் அமைப்பு அப்படி. ஹாலில் ஒன்று இருக்கிறது. படுக்கையறையில் பழைய பெரிய டிவி. அஸ்வினி அறையில் அவள் விட்டுப்போன சின்னது. நான்காவதைப் புகழேந்தி கடையில் வாங்கிப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு எதிரே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். துணி துவைத்துக்கொண்டே பார்க்கலாம். விழுப்புரத்தில் இந்த வசதி இல்லை.

புகழேந்திக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "சார், டெக்கு ஒண்ணு, கேசட்டு ஒண்ணு. நாலுலயும் ஒரே படந்தான் ஓடும். இன்னாத்துக்கு சார் நாலு?" என்றார். விழுப்புரத்தில் மூன்று என்றேன். "அதான் மேட்டரா" என்று ஏணியில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு கேள்வியே கேட்கவில்லை. நல்ல தொழிலாளி.

வேலை சுலபம் என்று சகாயராஜ் ஊருக்குக் காட்டிக்கொள்கிறார். அவ்வளவு சுலபமில்லை. டெக்கின் முதுகில் வயர் செருக ஒரே ஓட்டைதான். கேபிள் பெட்டியிலிருந்து கிளம்பிய பழைய வயரைப் பிடுங்கி அப்படியே அந்த ஓட்டையில் செருகினோம். பிறகு ஒவ்வொரு டிவியிடமும் தனித்தனியாகப் போய், டெக் எந்த எண்ணில் வருகிறது என்று தேடவிட வேண்டும். முதல் டிவியில் படம் கண்ணாடி போல வந்தது. இரண்டாவதைச் சேர்த்ததும் லேசாகப் புழுதி. மூன்றாவதைச் சேர்த்ததும் மூன்றிலும் ஈ மொய்த்தது. நான்காவதைச் சேர்த்ததும் உன் அப்பாவுக்கும் உன் அம்மாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "பங்கு போட்டா கொறையும் சார். பூஸ்டர் போடணும்" என்றார் புகழேந்தி. இதைத்தான் நான் முப்பது ஆண்டாக உனக்குப் புரியவைக்க முயல்கிறேன். மனைவியின் சிரிப்பும் ஒரு வயர்தான், அமலா. அதற்கு பூஸ்டர் எங்கே கிடைக்கும்?

பூஸ்டர் போட்டாயிற்று. நான்கிலும் பளிச்சென்று நீ இடப்பக்கம் திரும்பிச் சிரிக்கிறாய். அந்த இடத்தில் நிறுத்தி வைத்து நான்கு அறைக்கும் போய்ப் பார்த்தேன். எந்த டிவியும் எனக்குச் சாதகமாக இல்லை. "ரொம்ப நேரம் நிறுத்தாதீங்க சார், அந்த எடத்துல டேப்பு தேஞ்சிடும்" என்று புகழேந்தி எச்சரித்தார். ஏற்கெனவே உன் கன்னத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது. அது என் வேலையா, முப்பது ஆண்டாக விழுப்புரத்தில் யாராவது நிறுத்தி நிறுத்திப் பார்த்த வேலையா என்று சொல்வதற்கில்லை.

ரேஷனில் இந்த மாதம் துவரம்பருப்பு போட்டார்கள். வாங்கி வைத்திருக்கிறேன். எந்த டப்பா என்று தெரியாததால் பருப்பு பையிலேயே காத்திருக்கிறது.

வேறு யாரும் காத்திருக்கவில்லை.

இப்படிக்கு,
இருதயராஜ்

*

விழுப்புரம்,
மே 26.

அஸ்வினி அப்பாவுக்கு, அமலா எழுதுவது.

உங்கள் கடிதம் இரண்டும் வந்தது. இரண்டையும் அக்காதான் பிரித்தாள். சாப்பிடும்போது எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தட்டினது நான்தான்.

அவருக்கு உங்கள் மேல் கோபமே இல்லை. "நாலு டிவியா! அங்க நல்ல பூஸ்டரா போட்டிருக்கணுமே" என்று இரண்டு நாளாக அதே கவலைதான் அவருக்கு. டெக்கைத் துடைக்கிற மருந்து ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். "தொடைக்காம போட்டா கேசட்ட மென்னுடும்னு தம்பிகிட்ட சொல்லு" என்றார். நீங்கள் அவரைப் பற்றி எழுதியதையெல்லாம் கேட்ட பிறகும் தம்பி என்றுதான் சொன்னார். மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வருகிற பச்சைமுத்து கையில் மருந்தையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தக் கேசட்டில் எங்கள் அம்மா இருக்கிறாள். போட்டோவில் எங்கும் இருக்கிறாள். நடக்கிறதும் பேசுகிறதும் அதில் மட்டும்தான். உங்கள் சண்டையில் அதற்கு ஏதாவது ஆனால் அக்கா உங்களை விட்டாலும் நான் விடமாட்டேன்.

நான் யாரைப் பார்த்துச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியும். மறக்கவில்லை. முப்பது வருஷமாக நீங்கள் கேட்டதெல்லாம் "சகாயராஜைப் பார்த்துத்தானே" என்றுதான். யாரைப் பார்த்து என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்கிற மாதிரி கேட்டால் எந்தப் பொம்பளை பதில் சொல்வாள்?

இப்போதும் சொல்லமாட்டேன். உங்களிடம்தான் நாலு டிவி இருக்கிறதே, நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள். சரியாக இருந்தால் வருகிறேன். தப்பாக இருந்தால் கேசட்டைப் பச்சைமுத்து கையில் கொடுத்துவிட்டு நாலு டிவியோடு சுகமாக இருங்கள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அக்கா போகச் சொல்லவில்லை.

பிரஷர் மாத்திரை கண்ணாடி அலமாரியில் இல்லை, நான் பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். ஊறுகாயைத் தொடாதீர்கள். பருப்புக்குப் பச்சை மூடி டப்பா.

அமலா

*

திண்டிவனம்,
ஜூன் 2.

அன்புள்ள அமலாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். பச்சை மூடி டப்பாவில் பருப்பு கொட்டியாயிற்று. மாத்திரை கிடைத்தது. ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

சகாயராஜ் கொடுத்தனுப்பிய மருந்தை முதலில் தொடுவதில்லை என்றிருந்தேன். எதிரியிடம் குறை இருந்தால் சமாளிக்கலாம். நல்லவராக இருந்து தொலைத்தால் ஒருவன் எப்படிப் பொறாமைப்படுவது? பிறகு உன் அம்மாவை நினைத்துத் துடைத்தேன். படம் முன்பைவிடத் தெளிவாக வந்தது. அந்த எரிச்சலையும் தாங்கிக்கொண்டேன்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் விசாரணையைத் தொடங்கினேன். சகாயராஜ் இல்லை என்றால் வேறு யார்? மேடையில் தெரிந்த ஆண்கள் ஒருவரையும் விடவில்லை. உனக்குப் பின்னால் விசிறியோடு நின்ற உறவுக்காரர் ஒருவர். அவர் பார்வை சரியில்லை. தட்டில் பழரசம் கொண்டுபோன ஒருவர். தேவைக்கு மேல் சீவியிருந்தார். கோலியனூர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்த சவுரிராயன் மேல் எனக்குக் கொஞ்ச நேரம் வலுவான சந்தேகம் இருந்தது. காற்றை இழுத்து ஊதும்போது கன்னம் பூரி போல உப்புகிறது, பெண்கள் சிரிக்கக்கூடியதுதான். ஆனால் அவர் நின்றது வலப்பக்கம். ஆகப் பகல் சாப்பாட்டுக்குள் நான் பொறாமைப்படத் தகுந்தவர்கள் என்று ஊரில் பாதிப் பேரைச் சேர்த்துவிட்டேன். சிரிக்கும் இடம் வந்ததும் பின்னால் ஓட்டுவேன். மறுபடி போடுவேன். ஹாலில் பார்த்துவிட்டுத் துணி துவைக்கும் கல்லுக்கு ஓடுவேன்.

அப்போது பின்கதவை யாரோ தட்டினார்கள். சின்னபொண்ணு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னா சார், அம்மா கண்ணாலத்த எங்களுக்கும் போட்டுக் காட்டற?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் தொடர்ந்தாள். "ரெண்டு வாரம் முன்ன சீரியல காணோம்னு நம்பர தேடவுட்டா இதான் வந்துச்சு, அன்னிலேர்ந்து பாத்துக்கினே கீறோம். ஒக்காருது, சிரிக்குது, பின்னாடி போவுது, மறுபடி சிரிக்குது. எத்தினி வாட்டி சார் அந்தம்மா சிரிக்கும்? வாய் வலிக்காது? எங்கூட்டுக்காரரு சோத்துல கை வெச்சிக்கினு, இன்னாடி இது, ரிப்பேரான்றாரு."

அப்போதுதான் உறைத்தது. கேபிள் பெட்டியிலிருந்து பிடுங்கி டெக்கில் செருகிய வயர் இருக்கிறதே, அதிலிருந்துதான் ஒரு கிளை சின்னபொண்ணு வீட்டுக்குப் போகிறது. நாம்தான் போட்டுக் கொடுத்தோம். நாமே மறந்துவிட்டோம். விழுப்புரத்தில் மூன்று, திண்டிவனத்தில் நான்கு என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் உண்மையில் ஐந்து ஓடியிருக்கிறது. நம் குடும்ப விஷயத்தைப் பின் போர்ஷன் இரண்டு வாரமாக, என்னைப் போலவே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்டு வயரைப் பிடுங்கப் போனேன். அவள் போகவில்லை. "இரு சார். இம்மாம் பாத்துட்டோம், ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த மூலைல கைய ஆட்டிக்கினு சண்ட போட்டுக்கினு நிக்கறது நீதான?" என்றாள்.

எந்த மூலை என்றேன். மூலையில் யாரும் இல்லை என்றேன். நான்கு டிவியில் பார்த்தவன் சொல்கிறேன் என்றேன்.

"இன்னா சார் பேசற? கண்ணு நல்லாதான கீது? வா, வந்து பாரு" என்று முன்னால் நடந்தாள்.

அவள் வீட்டு டிவி உனக்குத் தெரியும். அவள் கல்யாணத்துக்கு வந்தது. சில வருஷமாகப் படம் நாலு பக்கமும் சுருங்கி, சுற்றிலும் கறுப்பாக, சாவு அறிவிப்பில் கட்டம் கட்டியது போலத் தெரியும். ரிப்பேர் செய்யச் சொல்லி நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். புகழேந்தியிடம் பிறகு கேட்டேன். எல்லா நல்ல டிவியும் படத்தைக் கண்ணாடி நிறையக் காட்டுவதற்காக ஓரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி விழுங்கிவிடுமாம். "கம்பெனியே அப்பிடித்தான் சார் பண்றான். படம் சுருங்கிப்போன டிவிலதான் முழுசும் தெரியும்" என்றார். உன் மாமா வீட்டு மூன்றும் நல்ல டிவி. என்னுடைய நான்கும் நல்ல டிவி.

சின்னபொண்ணு வீட்டு டிவியில், இடப்பக்கம் கீழ்மூலையில், மேடைக்குக் கீழே ஒருவன் நிற்கிறான். தலையும் தோளும் ஒரு கையும் மட்டும் தெரிகிறது. வாடகைக் கோட்டு. அதில் குத்திய ரோஜா தலைகீழாகத் தொங்குகிறது. விளக்குப் பிடிக்கிறவரிடம் ஏதோ தீவிரமாகப் பேசுகிறான். விரலை நீட்டி, விளக்கைக் காட்டி, சகாயராஜைக் காட்டி, பிறகு தன் காலி நாற்காலியைக் காட்டி, மறுபடி விளக்கைக் காட்டி.

"அந்த வெரல ஆட்டற ஆட்டு இருக்குதே, தண்ணி மோட்டர் போடச்சொல்ல எங்களாண்ட ஆட்டுவியே, அதே வெரலு" என்றாள் சின்னபொண்ணு. அவள் கணவர் சோற்றுத் தட்டோடு எட்டிப் பார்த்து, "அட, சார்தான்டி. முடி கீது, அதான் டவுட்டாயிடுச்சு" என்று உறுதி செய்தார்.

மேடையை விட்டு இறங்கியது தண்ணீர் குடிக்க என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஏதோ ஏற்பாடுகளை மேற்பார்வை செய்யவும் போயிருக்கிறேன் போலிருக்கிறது. அதற்குப் பலனும் உண்டு. அடுத்த காட்சியில் வெளிச்சம் நம் பக்கம் திரும்புகிறது. அதை யாரும் பாராட்டியதில்லை.

ஆனால் அமலா, நீ பார்ப்பது அவனை. சகாயராஜைத் தாண்டி, உன் அக்காவைத் தாண்டி, கீழே, மூலையில். கல்யாணத்தன்று மேடையை விட்டு இறங்கி, பக்கத்து மாப்பிள்ளைக்கு வெளிச்சம் அதிகம் என்று விளக்குக்காரரோடு மல்லுக்கு நிற்கிறவனைப் பார்த்து, கையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறாய். "அம்மா எப்பிடிப் பாக்குது பாரு. நம்மள எவன் சார் இப்பிடிப் பாத்தான்" என்று சின்னபொண்ணு தன் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் சோற்றைப் பிசைவதில் கவனமாக இருந்தார்.

இதுதான் என் பதில். தப்பாக இருந்தால் பச்சைமுத்துவை அனுப்பு.

சகாயராஜை மன்னித்துவிட்டேன். அவர் எந்தத் தப்பும் செய்யாததால் அதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பேண்டு செட் சவுரிராயன் மேலும் இப்போது ஒன்றுமில்லை. என் பிரச்சினை இனி அந்த மூலையில் நிற்கிறவனோடுதான். அவனுக்கு முடி இருக்கிறது. தொப்பை இல்லை. மாத்திரை எங்கே என்று தேடாமல் இருப்பான். இது எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நீ அவனைப் பார்த்ததுபோல என்னைப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது என்று நினைத்துப் பார்த்தேன். சகாயராஜ் மேல் முப்பது ஆண்டில் வராத வயிற்றெரிச்சல் அந்தப் பயல் மேல் ஒரே மத்தியானத்தில் வந்துவிட்டது.

அதைவிட ஒன்று சொல்கிறேன். அவன் கடைசிவரை உன் பக்கம் திரும்பவேயில்லை. நீ சிரித்து முடித்து, கையை எடுத்து, பூவைச் சரிசெய்துகொள்கிறாய். அவன் இன்னும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். சின்னபொண்ணு வீட்டில் நான் டிவிக்கு முன்னால் குனிந்து, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, அங்கே பாருடா முட்டாள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் சொல்லவில்லை.

அந்த இடத்தை இப்போது நிறுத்துவதில்லை. ஓடட்டும் என்று விட்டுவிடுகிறேன். நிறுத்தினால் தேய்ந்துவிடும் என்று புகழேந்தி சொன்னார்.

கேசட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்தியில் எல்லோரையும் அதட்டிக்கொண்டு நன்றாகவே நடக்கிறார். வரும் சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன். சகாயராஜ் பேருந்து நிலையத்துக்கு ஸ்கூட்டரில் வருவதாக இருந்தால் வரட்டும், ஏறிக்கொள்கிறேன். அவர் வீட்டு டிவி ஒன்றைச் சின்னபொண்ணு டிவியைப் போலச் சுருக்கிவைக்க முடியுமா என்று புகழேந்தியிடம் கேட்டிருக்கிறேன். அவருக்கும் உன் அக்காவுக்கும் காட்ட வேண்டும். வளவனூர்ச் சித்தப்பாவையும் கூப்பிடச் சொல்.

கேபிள் வயரைப் பழையபடி பெட்டியில் செருகிவிட்டேன். சீரியலில் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். சின்னபொண்ணு உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

நான் வாசலில் வந்து நிற்கும்போது நீ உள்ளே வேலையாக இருந்தால் வேலையை விட்டு வர வேண்டாம். கோபம் மீதி இருந்தால் அதையும் முடித்துக்கொள். மெதுவாக எப்போது நிமிர்ந்தாலும் சரி. இந்த முறை நான் உன் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
மூலையில் நின்றவன்,
இருதயராஜ்